வில்பத்து வில்லுகள்: ஓகஸ்ட்டில் போய் ஏமாந்தோம், ஏரி உண்மையிலேயே செத்துவிட்டதா?

வெள்ளவத்தைக்காரன் | ஓகஸ்ட் 25, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் போன சனிக்கிழமை குடும்பத்தோடு வில்பத்து தேசிய பூங்காவுக்குப் போய் வந்தோம். வந்ததிலிருந்து மனது சரியில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் புத்தளத்தில் வேலை பார்த்தவர், அந்த நாட்களில் நண்பர்களோடு அடிக்கடி அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறார். வீட்டு அல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. ஒரு பழைய ஜீப்பின் பக்கத்தில் அப்பா நிற்கிறார், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் ஒரு பட்டமரம். படத்தின் பின்பக்கத்தில் "காளி வில்லு" என்று அவருடைய கையெழுத்து, அங்கே இயற்கையாக அமைந்த ஏரியைத்தான் வில்லு என்பார்கள். நானும் தங்கையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தோம், இப்போது என் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை அதே காளி வில்லுக்குப் போனோம். தூரத்தில் நடுவில் ஒரு சேற்றுக் குட்டை, அதைச் சுற்றிக் கொக்குகள், மிச்சமெல்லாம் காய்ந்த புல்லும் பாளம் பாளமாக வெடித்த களியும். மகளுக்கு 9 வயது. "அப்பா, ஏரி எங்கே?" என்று கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்கு 74 வயது, வரும் வழியில் ஒரு சொல் கதைக்கவில்லை, சிலாபம் தாண்டிய பிறகுதான் "செத்துப் போச்சு போல" என்றார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே வற்றிப் போய்விட்டதா, அல்லது நாங்கள் போன நேரம் பிழையா?

காட்டுப்பாதை | ஓகஸ்ட் 25, இரவு 11.03

தம்பி, முதல் வேலையாக அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள், அது சாகவில்லை. நீங்கள் பார்த்ததுதான் ஓகஸ்ட் மாத வில்லு. நான், போரால் மூடிக் கிடந்த பூங்காவை 2010-ல் இரண்டாம் முறை திறந்ததிலிருந்து, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறேன், அதே காளி வில்லைக் கரை தளும்பவும் பார்த்திருக்கிறேன், நீங்கள் சொல்வதுபோல வெடித்துக் கிடக்கவும் பார்த்திருக்கிறேன்.

கொழும்பில் இருக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம், யன்னலுக்கு வெளியே பெய்யும் மழையை வைத்து முழு இலங்கைக்கும் கணக்குப் போடுவது. மே, ஜூன் மாதங்களில் வெள்ளவத்தையில் குறுக்குத் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும், குடை இல்லாமல் கடைக்குப் போக முடியாது, அப்போது வில்பத்திலும் ஏரி நிறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மழை அங்கே போவதே இல்லை. கொழும்பு நனையும் மாதங்கள்தான் அந்தக் காடு காயும் மாதங்கள். மே தொடங்கி செப்ரெம்பர் வரை அங்கே கோடை. ஒக்ரோபரில்தான் அவர்களுக்கு வானம் கறுக்கத் தொடங்கும்.

பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்ட்டில் வருகிறது, அதனால் கொழும்பிலிருந்து வரும் குடும்பங்கள் கூடுதலாக ஓகஸ்ட்டில்தான் போகின்றன, வருடத்திலேயே மிகவும் வற்றிய நேரத்தில். உங்களைப்போல மனம் நொந்து திரும்பிய எத்தனையோ பேரை நான் பூங்காவின் ஹுனுவில்கம வாசலில் பார்த்திருக்கிறேன்.

மழைக்கணக்கு | ஓகஸ்ட் 26, காலை 6.40

காட்டுப்பாதை சொன்னது முழுக்கச் சரி. நான் 31 வருடம் புவியியல் படிப்பித்தவன், கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

வில்லு வேறு, குளம் வேறு. குளம் என்றால் யாரோ கட்டியது. அதற்குக் கட்டு இருக்கும், தண்ணீர் திறந்துவிடத் துருசு இருக்கும், நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வான் வழியாகப் பாயும். அனுராதபுரத்து நுவர வாவியும் திசா வாவியும் அப்படித்தான். வில்லுக்கு இது ஒன்றுமே இல்லை. அது இயற்கையாக அமைந்த ஒரு பெரிய தட்டு, சுற்றிவர மணல் விளிம்பு. காட்டின் வடக்கு எல்லையில் மோதரகம் ஆறு, தெற்கில் கலா ஓயா, ஆனால் அந்த ஆறுகள் இந்த வில்லுகளை நிரப்புவதில்லை. வானத்திலிருந்து விழுவதுதான் வரவு. வெயிலும் காற்றும் குடிப்பது, மண் உறிஞ்சுவது, விலங்கு குடிப்பது எல்லாம் செலவு. துருசு திறந்து விடவோ மூடி வைக்கவோ ஆளில்லாததால் மழை எப்படியோ வில்லும் அப்படியே.

இந்த வரவு செலவைப் பாருங்கள். கொழும்புக்கு வருடத்தில் ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை. வில்பத்துக்கு 1000 அளவில்தான். அதுவும் பன்னிரண்டு மாதமும் பரவி விழுவதில்லை, பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை கொட்டிவிடும், பிறகு மார்ச், ஏப்ரலில் இடைப்பருவ மழையாகக் கொஞ்சம். மிச்ச மாதங்களில் சோளகக் காற்று வீசும். எங்கள் பக்கத்துக்கு மழையைக் கொண்டுவருவதும் அதே காற்றுத்தான், ஆனால் அதன் ஈரம் தென்மேற்கிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் தீர்ந்துவிடும், வறண்ட வலயத்துக்குப் போய்ச் சேரும்போது அது காய்ந்த காற்று. நாலைந்து மாதம் இரவும் பகலும் அது தடவிக்கொண்டே இருந்தால், ஆழம் குறைந்த தட்டில் உள்ள தண்ணீர் எப்படி நிற்கும்?

மண் உறிஞ்சுவதும் செலவு என்றேன், அந்த மண்ணுக்குக் கீழே இருப்பதையும் சொல்கிறேன். அந்தக் கரையோரப் பகுதி, புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாக யாழ்ப்பாணம் வரை, அடியில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். நீங்கள் ரிக்கெட் எடுத்த ஹுனுவில்கம என்ற ஊரின் பெயரையே பாருங்கள், சிங்களத்தில் ஹுனு என்றால் சுண்ணாம்பு, வில என்றால் ஏரி.

அதனால் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஏரி ஆவியாகி வானத்துக்குப் போயிருக்கிறது, கார்த்திகையில் மழையாகத் திரும்பி வரும்.

கரடிதேடி | ஓகஸ்ட் 26, மதியம் 1.15

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். "பிழையான நேரம்" என்று சொல்லாதீர்கள். எனக்கு வில்பத்து என்றாலே ஜூனும் ஜூலையும் ஓகஸ்ட்டும்தான். தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் காட்டுக்குள் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர், எந்த விலங்கும் வில்லுக்கு வரவேண்டிய தேவையில்லை, நீங்கள் நாள் முழுக்கச் சுற்றி மயிலும் புள்ளிமானும் பார்த்துவிட்டு வருவீர்கள். வற்றும்போது முழுக் காடும் அந்த ஒரு குட்டைக்கு வந்துதான் ஆகவேண்டும். மரை, காட்டுப்பன்றி, எருமை, யானை எல்லாம் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தையும் வரும். சேற்றுக்குள் அகப்பட்ட மீனுக்காகக் கூழைக்கடாவும் நாரையும் நிற்கும் கூட்டத்தை ஒருமுறை பார்த்தால் ஏரி செத்தது என்று சொல்ல வாய் வராது.

ஜூன், ஜூலையில் பாலை மரங்கள் பழுக்கும். கரடிகள் மரத்தில் ஏறிப் பழம் தின்னும், கீழே விழுந்ததைப் பொறுக்கும், மற்ற நேரத்தில் மனித வாடைக்கே ஓடும் விலங்கு அப்போது ஜீப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. போன வருடம் ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் ஒரே மரத்தடியில் நாற்பது நிமிடம் நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக வெள்ளவத்தைக்காரன் போன நேரத்தில் பிழை இல்லை. அவர் தண்ணீரைத் தேடிப் போனார், அதுதான் அந்த மாதத்தில் இல்லை.

தெஹிவளை அம்மா | ஓகஸ்ட் 26, மதியம் 3.50

கரடிதேடி சொல்வது பெரியவர்களுக்குச் சரி. சின்னப் பிள்ளைகளையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு ஓகஸ்ட்டில் போனால் நிலைமை வேறு. செம்மண் புழுதி, பகல் பதினொன்றுக்குப் பிறகு ஜீப்புக்குள் இருக்க முடியாத வெக்கை, வெளியே இறங்கவும் முடியாது. எங்கள் சின்னவனுக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, புழுதியில் பட்ட பாடு மறக்க முடியாது. நாங்கள் பெப்ரவரிக்கு மாற்றிக்கொண்டோம், பிள்ளைகளை ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வெள்ளி, சனி என்று போவோம்.

நான் கண்டது: அதிகாலை 2 மணிக்குக் கொழும்பிலிருந்து வெளிக்கிட்டால் 6 மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்கலாம், ஏறக்குறைய 180 கிலோமீற்றர், நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் தாண்டி அனுராதபுரம் வீதியில் போய் உள்ளே திரும்ப வேண்டும். ஆனால் பிள்ளைகள் தூங்கி விழுந்துவிடுவார்கள், வயதானவருக்கு முதுகு பிடித்துவிடும். முதல் நாள் பின்னேரம் போய் வாசலுக்குக் கிட்ட ஓர் இடத்தில் தங்கி, காலையில் உள்ளே போவதுதான் நல்லது. கட்டுச் சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், வாழையிலையில் கட்டினால் குப்பை இல்லை. தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். இறங்க அனுமதித்த இடங்களைத் தவிர வேறு எங்கும் காலைக் கீழே வைக்க விடாதீர்கள், காய்ந்த வில்லு விளையாட்டு மைதானம்போலத் தெரியும், ஆனால் வற்றிய சேற்றுக்குள் முதலை படுத்திருந்தால் மேலே ஒன்றுமே தெரியாது.

வெள்ளவத்தைக்காரன் | ஓகஸ்ட் 26, இரவு 9.20

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மழைக்கணக்கு ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு யோசித்துப் பார்த்து, தான் அந்தக் காலத்தில் போனதெல்லாம் தைப்பொங்கல் விடுமுறையை ஒட்டித்தான் என்றார். நாற்பது வருடமாக வீட்டில் இருந்த படத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மகளுக்கு விளங்கப்படுத்துவதுதான் கடினமாக இருந்தது. அவள் பார்த்த ஏரி பேரே வாவி, பிறகு பத்தரமுல்லைக்குப் போகும்போது தியவன்னா. இரண்டும் எப்போது பார்த்தாலும் ஒரே உயரம்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. காளி வில்லுக் கரையில் நாங்கள் நின்றது ஐந்து நிமிடம். அப்பா கொஞ்சம் இருக்கலாம் என்றார். அதற்குள் சாரதிக்கு எங்கேயோ சிறுத்தை நிற்பதாகத் தகவல் வந்தது, ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பி, குழி பள்ளம் பார்க்காமல் ஓட்டினார், அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே போனால் பதினாலு ஜீப் வரிசையில் நிற்கிறது, சிறுத்தையின் வால் நுனியைக்கூடக் காணவில்லை. அந்த அவசரத்தில் போன நேரத்தை அப்பா தன் வில்லைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

காட்டுப்பாதை | ஓகஸ்ட் 26, இரவு 10.05

இது அடிக்கடி நடக்கிறது, கேட்கவே கோபம் வருகிறது. சாரதிகளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சிறுத்தை காட்டவில்லை என்றால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். அடுத்த முறை வண்டி பேசும்போதே சொல்லுங்கள், "எங்களுக்குச் சிறுத்தை வேண்டாம், ஒரு வில்லுக் கரையில் ஒன்றரை மணித்தியாலம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருக்கவேண்டும்" என்று. முதலில் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பிறகு சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் ஆறுதல்தானே. நான் பார்த்த நல்ல காட்சிகள் எல்லாம் அப்படிச் சும்மா இருந்தபோது தானாக வந்தவை.

மன்னம்பிட்டி ரெயில் | ஓகஸ்ட் 28, காலை 8.30

நான் மட்டக்களப்பு, வேலை கொழும்பில். வில்லு என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்திலும் வில்லு உண்டு, மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டும் இடத்தைச் சுற்றி. மாரி காலத்தில் ரெயிலில் ஊருக்குப் போனால் இருபுறமும் தண்ணீர்க்காடு, கோடையில் அதே இடம் பச்சைப் புல்வெளி, மாடும் யானையும் மேயும். அங்கே ஹந்தபான் வில்லு பெரியது. 1984-ல் அந்தப் பகுதியை வெள்ளச் சமவெளித் தேசிய பூங்கா என்று அறிவித்தார்கள். வில்பத்தும் இதுவும் ஒன்றுதானா?

மழைக்கணக்கு | ஓகஸ்ட் 28, காலை 9.10

பெயர் ஒன்று, பிழைப்பு வேறு. மகாவலி வில்லுகள் ஆற்றின் பிள்ளைகள். ஆறு பெருகிக் கரை மீறும்போது அவற்றுக்குள் தண்ணீர் ஏறும், ஆறு வடியும்போது வடியும். மேலே அணைகள் கட்டி ஆற்றைத் திருப்பியபோது வெள்ளத்தின் அளவு குறைந்தது, அதோடு வில்லுக்கு வரும் தண்ணீரும் குறைந்தது. வில்பத்து வில்லுகளுக்கு அந்த ஆபத்து நேராக இல்லை, அவை ஆற்றை நம்பவில்லை. ஆனால் மழை பொய்த்தால் தாங்கிப் பிடிக்க ஆறும் இல்லை. 2016 மாரி பொய்த்து 2017-ல் வந்த வரட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வெள்ளவத்தைக்காரன் அப்பாவின் பயம் இந்த இடத்தில் நியாயமானது என்றும் சொல்லவேண்டும். ஓகஸ்ட்டில் வற்றுவது நோயில்லை. தையிலும் நிறையாமல் கிடந்தால்தான் கவலைப்படவேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகி | ஓகஸ்ட் 28, இரவு 7.45

மிக நல்ல இழை, இரண்டு நாளாக வாசிக்கிறேன். எனக்குக் காட்டைவிட அங்குள்ள பெயர்களில்தான் பிடிப்பு. கொக்குமோட்டை என்று ஓர் இடம். மோட்டை என்றால் வன்னியில் சின்னக் குளத்துக்குச் சொல்லும் சொல், என் அம்மம்மா சொல்லுவார். மரதன்மடுவில் மடு இருக்கிறது. மாணிக்கப்பொல உத்து என்பதில் அந்த உத்து எங்கள் ஊற்று என்றுதான் என் காதில் விழுகிறது. பணிக்கர் வில்லு என்றால் யானை பிடிக்கும் பணிக்கர்கள். அங்கே வாழ்ந்தவர்கள் தண்ணீர் நிற்கும் விதத்துக்கு எத்தனை சொல் வைத்திருந்திருக்கிறார்கள் பாருங்கள், வில்லு, மோட்டை, மடு, ஊற்று, குளம், ஒவ்வொன்றும் வேறு. இன்று எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாமே ஏரி.

அந்தக் காட்டுக்குள்தான் பொம்பரிப்பும் இருக்கிறது, ஈமத்தாழிகள் தோண்டி எடுத்த இடம். தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றுக்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மேற்கே கடலோரம் குதிரைமலை, செம்மண் கரை, அல்லி அரசாணி ஆண்ட இடம் என்று மக்கள் கதை. வில்லு பார்க்கப் போகிறவர்கள் ஒரு முழு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு அங்கேயும் போகவேண்டும் என்பது என் ஆசை.

கரடிதேடி | ஓகஸ்ட் 28, இரவு 8.30

மரதன்மடுவைப் பற்றி ஒரு சின்ன விடயம், பெயரில் மடு இருந்தாலும் அது பழைய குளம், கட்டு உண்டு. அதனால்தான் வில்லுகள் சுருங்கிய பிறகும் அங்கே பெரும்பாலும் தண்ணீர் நிற்கும். ஓகஸ்ட்டில் தண்ணீர் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் அங்கே போகலாம்.

வெள்ளவத்தைக்காரன் | டிசெம்பர் 14, காலை 7.05

இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். தைப்பொங்கலை ஒட்டி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணம், அவர் போன அதே நேரம். மழை பலமாகப் பெய்கிறது என்று செய்தி. இந்த முறை புத்தளத்திலிருந்து எலுவன்குளம் வாசலால் போகலாமா? அது அப்பாவுக்குப் பழக்கமான வழி.

வண்ணாத்திவில்லுப் பிள்ளை | டிசெம்பர் 14, காலை 8.00

அண்ணை, நான் இந்த ஊர்க்காரன், இப்போது வத்தளையில் இருக்கிறேன், வீட்டாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் ஊரின் பெயரிலேயே வில்லு இருக்கிறது, அதனால் இந்த இழைக்குள் வர எனக்கு உரிமை உண்டு.

எலுவன்குளம் வழி இப்போது வேண்டாம். அங்கே கலா ஓயாவைத் தாண்டுவது சப்பாத்துப் பாலத்தால், பதிவான பாலம், மேலே மழை பெய்தால் ஆறு அதற்கு மேலால் பாயும். இங்கே ஊரில் வெயில் எறிக்கும், ஆனால் அனுராதபுரம் பக்கம் பெய்த மழைத் தண்ணீர் இரவோடு இரவாக வந்து பாலத்தை மூடிவிடும், வானத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. தண்ணீர் முழங்காலளவுதானே என்று இறங்கிய வாகனங்களை ஆறு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தயவுசெய்து யாரும் அப்படி இறங்காதீர்கள்.

பொங்கலுக்கும் அவசரப்படாதீர்கள். காட்டுக்குள் பாதை மண்பாதை, பெரிய மழைக்குப் பிறகு சில பக்கங்களை மூடி வைப்பார்கள், திறந்த பாதையிலும் ஜீப் புதையும். வில்லு நிறைந்து மழை விட்டு இரண்டு மூன்று வாரம் போகட்டும். பெப்ரவரி நடுப்பகுதி நல்லது, தண்ணீரும் இருக்கும், பாதையும் இறுகியிருக்கும், வெளிநாட்டுப் பறவைகளும் இன்னும் போயிருக்காது. ஹுனுவில்கம வாசலாலேயே போங்கள். வெளிக்கிடும் முன்தினம் வனஜீவராசிகள் திணைக்களத்தில் பாதை நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெஹிவளை அம்மா | டிசெம்பர் 14, மதியம் 12.30

பெப்ரவரிக்கு என் வாக்கும். காலையில் குளிரும், அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்துப் போங்கள்.

வெள்ளவத்தைக்காரன் | பெப்ரவரி 22, இரவு 8.55

போய் வந்துவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

வெள்ளி பின்னேரம் போய்த் தங்கி, சனி காலை 6 மணிக்கு வாசலில் நின்றோம். காட்டுப்பாதை சொன்னபடி சாரதியிடம் முதல் நாளே பேசிவிட்டேன். அவர் சிங்களவர், இளம் பையன், அப்பா சிங்களத்தில் தன் பழைய கதையைச் சொன்னதும் அவனே "அப்படியென்றால் அங்கிள், முதலில் உங்கள் வில்லு, பிறகுதான் மற்றதெல்லாம்" என்றான். வழியில் இரண்டு தரம் அவனுக்கு அழைப்பு வந்தது, இரண்டு தரமும் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தான்.

காட்டுக்குள் போகும் பாதை இருண்டு, பாலையும் வீரையும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும், ஒரு வளைவில் சட்டென்று திறந்துவிடும். ஓகஸ்ட்டில் அந்த இடத்தில் நாங்கள் பார்த்தது வெடித்த களி. இப்போது அந்தக் களி இருந்த இடமெல்லாம் தண்ணீர், காடு தொடங்கும் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால்வரை, நடுவில் வெள்ளை ஆம்பல், கரையோரத்துப் புல் தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. புள்ளிமான்கள் முழங்காலளவு தண்ணீருக்குள் நின்று அந்தப் புல்லை இழுத்தன. இயந்திரத்தை நிறுத்தினோம். அவ்வளவு அமைதியில் மான் புல்லைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

அப்பா அந்தப் பட்டமரத்தைத் தேடினார். கிடைக்கவில்லை, நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இடையில் 1988-லிருந்து 2003 வரை யாரும் போகவே முடியாத காலம், எப்போது விழுந்ததோ. வேறொரு மரம் நின்றது, அதில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். மகள் தாத்தாவின் மடியில் சாய்ந்து, ஓகஸ்ட்டில் கொக்குகள் நின்ற குட்டை எந்த இடத்தில் என்று கையைக் காட்டிக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் ஓர் இடத்தைச் சொல்லி, பிறகு மாற்றி, பிறகு அந்த ஆம்பல் கூட்டத்துக்கு வலப்பக்கம் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சேறு இருந்த இடத்துக்கு மேலே இப்போது எவ்வளவு உயரம் தண்ணீர் என்று அவள் கேட்டாள். சாரதி, உன் தாத்தா மூழ்கும் அளவு இருக்காது, நீ மூழ்கும் அளவு இருக்கும் என்றான்.

சிறுத்தை பார்க்கவில்லை. யானை ஒன்று தூரத்தில். கரடி இல்லை. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

திரும்பும்போது சிலாபத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். அப்பா, ஓகஸ்ட்டிலும் ஒருமுறை போவோம், அது வற்றும்போது நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றார்.

மழைக்கணக்கு | பெப்ரவரி 22, இரவு 9.30

வாசித்து மிகவும் சந்தோஷம். மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள், ஒரு கொப்பியில் இன்று தண்ணீர் எதுவரை இருந்தது என்று வரைந்து திகதி போட்டு வைக்கட்டும், ஓகஸ்ட்டில் அடுத்த பக்கத்தில் வரையட்டும். என் மாணவர்களிடம் இப்படி ஒரு கொப்பி இருந்திருந்தால் நான் பாதி விளக்கம் சொல்லியிருக்கத் தேவையில்லை.

கரடிதேடி | பெப்ரவரி 22, இரவு 10.10

அப்பாவுக்கு என் வணக்கம். ஓகஸ்ட் வரை காத்திருக்காமல் ஜூலை முதல் வாரம் வரச் சொல்லுங்கள். தண்ணீர் பாதியில் இருக்கும், பாலை பழுத்திருக்கும், இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

வண்ணாத்திவில்லுப் பிள்ளை | பெப்ரவரி 23, காலை 6.20

ஜூலை என்றால் எனக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு வாருங்கள் அண்ணை. ஊர்ப் பக்கம் ரோட்டோரத்தில் பாலைப்பழம் விற்கும், அம்மாவிடம் சொல்லி அப்பாவுக்கு ஒரு பை வாங்கி வைக்கிறேன்.